பலகை குடித்த பெயிண்ட்

கென்ஜேவைப் பற்றி எங்கள் ஊரில் யாரைக் கேட்டாலும் "நல்லவதான், கொஞ்சம் கிறுக்கு" என்பார்கள். அப்படிச் சொல்பவர்களில் பாதிப் பேர் அவளிடம் இயற்பியல் படித்துக் கரையேறியவர்கள். நான் அந்தப் பள்ளிக்கூடத்துச் சமையற்காரி. என் அடுப்படிக்கும் அவள் பட்டறைக்கும் நடுவே ஒற்றைச் செங்கல் சுவர்தான். அவளைப் பற்றிப் பேச மற்றவர்களைவிட எனக்கு உரிமை அதிகம். கிறுக்கு என்று நானும் சொல்லியிருக்கிறேன், ஆனால் அவள் முகத்துக்கு நேரே.

எங்கள் ஏரிக்கரை ஊர் பாலிக்சியில் காற்று ஓய்கிற நாள் குறைவு. மீனை டப்பாவில் அடைக்கிற ஆலை மூடி வெகுகாலம் ஆனாலும் அதன் தகரமும் கிழிந்த வலையும் தூண்டில் நரம்பும் இன்னும் தெருவில் காலை இடறும். கென்ஜேவுக்கு அதுதான் சொத்து. அப்படி ஆனதற்கு ஒரு பையன் காரணம். அவன் ஒரு குளிர்காலத்தில் வகுப்பில் எழுந்து நின்று மீட்சித்தன்மை என்றால் என்னவென்று ஒரு சொல் பிசகாமல் ஒப்பித்தான். கென்ஜே மகிழ்ந்துபோய், மேசையில் கிடந்த கம்பளி நூலையும் தூண்டில் நரம்பையும் எடுத்து, இழுத்துக் கட்டிச் சுண்டினால் எது சத்தம் போடும் என்று கேட்டிருக்கிறாள். பையன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "அது புத்தகத்துல இல்லையே டீச்சர்" என்றானாம்.

அன்று மத்தியானம் என்னிடம் வந்து சூப்பைத் தொடாமல் உட்கார்ந்திருந்தாள்.

"அக்கா, இத்தனை வருஷமா நான் கிளிப்பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்திருக்கேன்."

"அதுக்கு சூப் என்ன பண்ணும்? ஆறுது, குடி."

குடித்துவிட்டு, போகும்போது என் காலி மீன் டப்பா ஒன்றைத் தூக்கிக்கொண்டு போனாள். எல்லாம் அதிலிருந்து ஆரம்பித்தது.

அந்த வருஷமே, கூரை ஒழுகுகிறது என்று யாரும் சீந்தாமல் கிடந்த பழைய தச்சுப் பட்டறையைத் தலைமை ஆசிரியர் ஒஸ்மோனிடம் கேட்டு வாங்கினாள். பள்ளி விட்டதும் பிள்ளைகள் அங்கே கூடினார்கள். லாரி டயரின் உள்குழாயை வாளிமேல் இழுத்துக் கட்டித் தட்டினார்கள், தொப்பென்றது. ஆஸ்பத்திரி குப்பையிலிருந்து வந்த எக்ஸ்ரே படத்தை அதே வாளியில் கட்டித் தட்டினார்கள்; டண்ணென்றது. ஏன் அப்படி என்று அவள் சொல்லித் தரமாட்டாள். "இழுத்துப் பாரு. வளைச்சுப் பாரு. கையில தூக்கிப் பாரு" என்பாள். கடைசியில் ஒன்று, "ரப்பர் ஆட்டத்தைத் தின்னுடுது டீச்சர்" என்று கண்டுபிடித்துக் கத்தும். சுவருக்கு இந்தப் பக்கம் என் ரொட்டி மாவு அந்தக் கத்தலில்தான் பொங்கும்.

அவர்களுக்கு ஒரு விளையாட்டு உண்டு. எல்லோரும் சுவரைப் பார்த்து உட்கார வேண்டும். பின்னால் நின்று கென்ஜே எதையாவது தட்டுவாள். இரும்பா, பித்தளையா, ஈரக் கட்டையா, காய்ந்த கட்டையா, ஆட்டு எலும்பா என்று சத்தத்தை வைத்தே சொல்ல வேண்டும். இந்த நோய் முற்றி, சாப்பாட்டு நேரத்தில் என் பாத்திரங்களையும் விட்டுவைக்கவில்லை. ஒரு நாள் அதினாய் என்கிற பெண் என் பெரிய அண்டாவைக் கரண்டியால் தட்டிவிட்டு, "அத்தை, உங்க அண்டா எங்கயோ விரிஞ்சிருக்கு" என்றாள். போடி அந்தப் பக்கம் என்று விரட்டினேன். அடுத்த வாரம் அது அடுப்பிலேயே ஒழுகி நெருப்பை அணைத்தது. அதற்கப்புறம் புதுப் பாத்திரம் வாங்கப் போனால் அந்தப் பெண்ணைக் கூட்டிக்கொண்டுதான் போவேன்.

அதினாய் எங்கள் இசை ஆசிரியை ஜிபெக்கின் மகள். ஜிபெக்கும் கென்ஜேவும் கல்லூரி விடுதியில் ஒரே கட்டிலில் தூங்கியவர்கள். அதினாய் பிறந்தபோது தொப்புள்கொடியை அறுத்தவள் கென்ஜே. எங்களில் கொடி அறுத்தவளின் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். அவள் அந்தப் பிள்ளைக்கு இன்னொரு அம்மா. கென்ஜேவுக்குச் சொந்தப் பிள்ளை இல்லை. பள்ளியில் "டீச்சர்" என்று கூப்பிடுகிற பெண், வாசலைத் தாண்டியதும் "கென்ஜேம்மா" என்று கையைப் பிடித்துக்கொள்வாள்.

பட்டறையில் முதலில் செய்த கோமுஸும் அதினாயுடையதுதான். மூன்று நரம்பு உள்ள அந்த வாத்தியத்தை ஆப்ரிகாட் மரத்தில் குடைவதுதான் வழக்கம். இவர்கள் அகலமான மீன் டப்பாவை வயிறாக்கி, மண்வெட்டிக் காம்பைக் கழுத்தாக்கி, தூண்டில் நரம்பைக் கட்டினார்கள். டப்பாவின் வாயை மூட மெல்லிய பலகை கிடைக்கவில்லை. தடித்த பலகை போட்டால் ஊமையாகிவிட்டது. விஷயம் தெரிந்த ஜிபெக், தன் கல்யாண அலமாரியின் பின்பக்கத்து ஒட்டுப்பலகையைப் பெயர்த்துக் கொண்டுவந்து கொடுத்தாள். "துணி கீழ விழுந்தா விழட்டும்டி. புருஷனே விழுந்துட்டான்" என்றாள். அவள் புருஷன் ரஷ்யாவில் வேறு குடும்பம் வைத்திருந்தது அப்போதுதான் தெரிந்திருந்தது. இருவரும் சிரித்த சிரிப்பு என் அடுப்படிவரை கேட்டது. இதை ஏன் சொல்கிறேன் என்றால், ஜிபெக் ஆரம்பத்திலிருந்தே கெட்டவள் என்று யாரும் நினைக்கக் கூடாது. அப்படி இருந்திருந்தால் எனக்கு இவ்வளவு வயிறு எரிந்திருக்காது.

போன இலையுதிர் காலத்தில் ஒஸ்மோன் எல்லோரையும் கூட்டி வைத்து ஒரு செய்தி சொன்னார். மாவட்டக் கல்வி அலுவலகத்திலிருந்து பெரியவர்கள் வருகிறார்கள். பிடித்துப்போனால் பட்டறையைப் பள்ளியின் நிரந்தர வகுப்பாக எழுதித் தருவார்கள், கூரை போட்டு, அடுப்பு வைத்து, நடத்துகிறவர் பெயரும் சேர்த்து. பிடிக்காவிட்டால் பட்டறையை இடித்துவிட்டு வண்டி நிறுத்துமிடம் கட்டப்படும். கென்ஜே முகத்தில் ரத்தம் ஏறியதைப் பார்த்தேன். அந்த ஓட்டைக் கூரையைத் தவிர அவள் வாழ்க்கையில் அவளுடையது என்று வேறு என்ன இருந்தது?

"ஒண்ணும் புதுசா செய்ய வேண்டாம். ஆளுக்கு ஒண்ணு எடுத்து, இது என்ன, இது ஏன் இப்படிச் சத்தம் போடுதுன்னு பிள்ளைங்க சொல்லட்டும். அப்புறம் ஒரு பாட்டு வாசிக்கட்டும். போதும்" என்றாள்.

பாட்டைச் சீர்படுத்தித் தர ஜிபெக்கைக் கேட்டாள். ஜிபெக் சரி என்றாள். அவளுக்கும் அப்போது ஒரு கத்தி தலைமேல் தொங்கியது. இசைப் பாடத்தின் நேரத்தைப் பாதியாக வெட்டப்போவதாகப் பேச்சு.

வருகைக்குச் சில நாள் முன்னால் மலைப்பக்கம் கென்ஜேவின் மாமியார் வீட்டில் ஒரு சாவின் வருஷ நினைவு விருந்து வந்தது. கணவன் செத்தாலும் மருமகள் மருமகள்தான். போகாமல் இருந்தால் அந்த வீட்டில் பேச்சு வரும். பட்டறைச் சாவியை என் கண்ணெதிரில் ஜிபெக்கின் கையில் வைத்தாள்.

"பிள்ளைங்க தினம் வாசிக்கணும். நரம்பு தளர்ந்தா நீ தொடாதே, அவங்களே முறுக்கட்டும்."

"போயிட்டு வாடி. உன் டப்பாவை யாரும் தின்னுட மாட்டாங்க."

பெரியவர்கள் வரும் நாளன்று விடியும்போதே நான் ஆட்டை அடுப்பில் ஏற்றிவிட்டேன். ஒஸ்மோன் புதுத் தொப்பியோடு அடுப்படிக்கு வந்தார். எங்கள் விருந்தில் யார் தட்டில் எந்த எலும்பு என்பது முன்கூட்டியே தீர்மானமாக வேண்டும். அதில் தவறினால் கல்யாணமே நின்றுபோகும்.

"இடுப்பெலும்பு விருந்தாளிக்கு. வால்பக்கத்து எலும்பு ஜிபெக்குக்கு" என்றார்.

வால்பக்கத்து எலும்பு எங்களில் சபையின் மூத்த பெண்ணுக்கு, அல்லது அன்றைய நாயகிக்கு. நான் கத்தியைக் கீழே வைத்தேன்.

"ஜிபெக்குக்கு எதுக்கு ஐயா? பட்டறை கென்ஜேவோடது."

"குழுவை நடத்துறது ஜிபெக். அவ எழுதிக் கொடுத்த பேப்பர்ல அவ பேர்தான் போயிருக்கு."

"அப்போ கென்ஜேவுக்கு?"

"விலா எலும்பு ஏதாவது வையி. உனக்கு எதுக்கு இந்த விசாரணை? ஆட்டைப் பாரு."

ஆட்டை யார் பார்த்தது? கையைத் துடைத்துக்கொண்டு நேரே வாசலுக்கு ஓடினேன். மலையிலிருந்து வந்த வண்டியிலிருந்து கென்ஜே தூசியோடு இறங்கிக்கொண்டிருந்தாள். விருந்தில் கொடுத்த இறைச்சிப் பை ஒரு கையில். எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் என்னை ஏதோ காய்ச்சல்காரியைப் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"ஒஸ்மோன் தப்பா எழுதியிருப்பார் அக்கா. ஜிபெக் பார்த்திருந்தா திருத்தியிருப்பா."

"அவதான் எழுதிக் கொடுத்திருக்கா."

"அப்படிச் சொல்லாதீங்க."

கொஞ்சம் கோபமாகவே சொன்னாள். சொல்லிவிட்டுப் பட்டறைக் கதவைத் தள்ளினாள், நானும் பின்னாலேயே போனேன்.

உள்ளே எல்லாம் தங்கமாக இருந்தது. ஆகஸ்டில் பள்ளித் தரைக்கு அடித்து மிஞ்சிய செம்பழுப்பு எண்ணெய் பெயிண்டை டப்பா, பலகை, காம்பு, குழாய் எதையும் விடாமல் தடிமனாகப் பூசி, அதன்மேல் இடம் விடாமல் தங்க நிறத்தில் ஆட்டுக்கொம்புக் கோலம் போட்டிருந்தார்கள். மேலிடம் வருகிறது என்றால் எங்கள் பள்ளிகளில் அசையாத எதற்கும் பெயிண்ட் விழும். மரத்துக்கு, கல்லுக்கு, ஒருமுறை கரிக்குவியலுக்குக்கூட வெள்ளை அடித்தார்கள். அந்தப் புத்தி இங்கேயும் வேலை செய்திருக்கிறது. கென்ஜே அதினாயின் கோமுஸை எடுத்து நரம்பைச் சுண்டினாள். ஈரத் துணியைத் தட்டியதுபோல் ஒரு சத்தம் வந்தது. அடுத்ததை எடுத்தாள். அதுவும் அப்படியே. எக்ஸ்ரே முரசில் பெயிண்ட் இன்னும் பிசுபிசுத்தது.

ஜிபெக் வெள்ளிச் சரிகை வைத்த கோட்டோடு உள்ளே வந்தாள்.

"வந்துட்டியா? பார்த்தியா, எவ்ளோ அழகா இருக்கு. முன்னாடி குப்பைக்கூடை மாதிரி இருந்துச்சு."

"இது எதுவும் சத்தம் போடலையே ஜிபெக்."

"போட வேண்டாம். பென் டிரைவ்ல பாட்டு இருக்கு. தலைநகரத்துக் குழு வாசிச்சது, அசல் கோமுஸ். பிள்ளைங்க கையை மட்டும் ஆட்டுவாங்க. யாருக்கும் தெரியாது."

"பிள்ளைங்களுக்குத் தெரியும்டி."

"அதெல்லாம் பழகியாச்சு."

"பேப்பர்ல உன் பேரா?"

ஜிபெக் திரும்பிக் கதவைச் சாத்தினாள். பிறகு தணிந்த குரலில்தான் சொன்னாள்.

"உனக்கு இயற்பியல் இருக்கு, கென்ஜே. அதை யாரும் வெட்ட மாட்டாங்க. எனக்கு என்ன இருக்கு? ஒரு பொம்பளைப் பிள்ளை இருக்கு, ஒத்தையா வளர்க்கணும். நீ விட்டுக் கொடுப்பேன்னு நினைச்சேன்."

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே."

"கேட்டா நீ பெயிண்ட் அடிக்க விட்டிருப்பியா?"

வெளியே கார் ஹாரன் கேட்டது. ஜிபெக் சரிகையைச் சரிசெய்துகொண்டு ஓடினாள்.

கூடத்தில் நான் பின்னால் தேநீர்க் கிண்ணங்களோடு நின்றேன். கென்ஜே கதவோரம் நின்றாள். பிள்ளைகள் மேடையில் வரிசையாக உட்கார்ந்து விரலை ஆட்டினார்கள். ஒலிபெருக்கியிலிருந்து ஆப்ரிகாட் மரம் பாடியது. மீன் டப்பாவின் வயிற்றிலிருந்து அந்த மரத்தின் குரல் வருவதைப் பார்த்து முன்வரிசை உருகிப்போனது. எந்தப் பொருளுக்கு எந்தக் குரல் என்று இத்தனை காலம் கற்றுக்கொடுத்தவள் இதை நின்று பார்க்க வேண்டியிருந்தது. அவள் ஒரு வார்த்தை பேசியிருந்தால் எல்லாம் கவிழ்ந்திருக்கும். பிள்ளைகளும் சேர்ந்து கவிழ்ந்திருப்பார்கள், ஊரறியப் பொய்யர்களாக. அதனால்தான் பேசவில்லை என்று எனக்குத் தெரியும்.

பாட்டு முடிந்தது. மாவட்டத்துப் பெரியவர் நல்ல மனிதர்தான்; மேடைக்கே ஏறிவிட்டார். முன்னால் உட்கார்ந்திருந்த அதினாயின் தோளைத் தட்டினார்.

"இவ்ளோ நல்லா யாரும்மா சொல்லித் தந்தது?"

அதினாய் கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்தாள். பிறகு தன் அம்மாவைப் பார்த்தாள்.

"ஜிபெக் டீச்சர்."

"சபாஷ். சரி, ஒண்ணு சொல்லு. வெறும் மீன் டப்பா. இதுல எப்படி இப்படி ஒரு சத்தம் வருது?"

அண்டாவின் விரிசலைக் கரண்டியால் கண்டுபிடித்த பெண். நரம்பின் தடிமன் கால்வாசி குறைந்தால் சுதி எங்கே போகும் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். அவள் மடியிலிருந்த தங்க டப்பாவைப் பார்த்தபடியே சொன்னாள்.

"தெரியாது ஐயா."

கூடம் சிரித்துக் கைதட்டியது, குழந்தை வெட்கப்படுகிறது என்று. நான் கதவோரம் பார்த்தேன். பெயிண்டைப் பார்த்தபோதும் கென்ஜே நிமிர்ந்துதான் நின்றாள். ஒலிபெருக்கி பாடியபோதும் நிமிர்ந்துதான் நின்றாள். இப்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். பெற்றவள் பேரைச் சொன்னதைக்கூட அவள் தாங்கியிருப்பாள். தெரிந்ததைத் தெரியாது என்று சொன்னதுதான் அவளை அடித்தது.

விருந்தில் சொன்ன எலும்பைச் சொன்ன தட்டில் வைத்தேன். என் பிழைப்பு அது. வால்பக்கத்து எலும்பு தன் முன்னால் வந்ததும் ஜிபெக்கின் முகம் சிவந்தது. மரியாதைப் பங்கு கிடைத்தவர் அதில் அறுத்துப் பிரியமானவருக்குக் கொடுப்பது வழக்கம். அவள் கொழுப்போடு ஒரு நல்ல துண்டை அறுத்து, எல்லோர் எதிரிலும், கையை நீட்டிக் கென்ஜேவிடம் கொடுத்தாள். சபையே பார்த்துக்கொண்டிருந்தது. கொடுத்த உணவை மறுப்பவர் எங்களில் கிடையாது. கென்ஜே இரண்டு கையாலும் வாங்கி, பையில் போட்டுக்கொண்டாள். பெரியவர் அந்த நட்பைப் பாராட்டி இரண்டு வார்த்தை பேசினார். எனக்குக் கையிலிருந்த கெண்டியை அவர் தலையில் கவிழ்க்கத் தோன்றியது, பாவம், அவர் என்ன செய்வார்.

எல்லோரும் போனபின் கென்ஜே அந்தப் பையை என் மேசையில் வைத்தாள்.

"உங்க வீட்டுப் பிள்ளைங்களுக்குக் கொடுங்க அக்கா. எனக்குத் தொண்டையில இறங்காது."

பட்டறைக்குப் புதுக் கூரை வந்தது, அடுப்பு வந்தது, கதவில் "தங்கக் கோமுஸ் இசைக்குழு" என்று பலகை வந்தது. சாவி ஜிபெக்கிடமே தங்கிவிட்டது. வாத்தியங்களைக் கண்ணாடி அலமாரியில் பூட்டிவைத்து, யாராவது பெரிய மனிதர் வந்தால் எடுத்தார்கள். சுவருக்கு அந்தப் பக்கம் இப்போது ஒரு சத்தமும் இல்லை. என் மாவு தன்பாட்டுக்குப் பொங்குகிறது. கென்ஜே மேல்மாடி வகுப்பில் சுவரில் மாட்டிய படத்தைக் காட்டிப் பாடம் நடத்தினாள். ஜிபெக் எதிரே வந்தால் வணக்கம் சொல்லுவாள், அவ்வளவுதான். ஜிபெக்கும் முதலில் சிலமுறை அவள் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு விட்டுவிட்டாள். அதினாய் என் பக்கமே வரவில்லை. சாப்பாட்டைத் தூரத்து மேசையில் முதுகைக் காட்டி உட்கார்ந்து தின்றாள்.

ஏரிக்கரையில் பனி இளக ஆரம்பித்த சமயம், சாப்பாட்டு நேரம் முடிந்து கென்ஜே மட்டும் என் அடுப்படியில் பால்தேநீர் குடித்துக்கொண்டிருந்தாள். அதினாய் வந்து நின்றாள். கையில் தன் கோமுஸ். அலமாரியிலிருந்து எப்படி எடுத்தாள் என்று நான் கேட்கவில்லை. டப்பாவில் பாதிப் பெயிண்டைக் கத்தியால் சுரண்டியிருந்தாள். விரல் நகமெல்லாம் தங்கமும் ரத்தமுமாக இருந்தது.

"கென்ஜேம்மா, இது பழையபடி பேசுமா?"

கென்ஜே உடனே வாங்கவில்லை. கிண்ணத்தை முழுசாகக் காலி செய்தாள். பிறகு வாங்கி, சுரண்டிய தகரத்தை நகத்தால் தட்டினாள். பலகையைத் தட்டினாள்.

"தகரத்துல மேலோட இருக்கு, சுரண்டினா போயிடும். பலகை குடிச்சிருச்சு. அது இனிமே வராது."

"அன்னைக்கு அவர் கேட்டப்ப எனக்குத் தெரியும்."

"தெரியும்னு எனக்கும் தெரியும்."

"அம்மா, ஒண்ணும் விளக்கம் சொல்லாதே, மாட்டிப்போம்னு சொன்னாங்க. இப்பக் கேளுங்க, சொல்றேன்."

கென்ஜே கோமுஸை மடியில் வைத்துக்கொண்டாள். கேட்கவே மாட்டாள் என்றுதான் நினைத்தேன்.

"வெறும் மீன் டப்பா. இதுல எப்படிச் சத்தம் வருது?"

"டப்பா இல்ல. நரம்பு ஆடுது, அது பலகையை ஆட்டுது. பலகை லேசா, விறைப்பா இருந்தா நல்லா ஆடும். டப்பா உள்ள இருக்கிற காத்தைக் கூடச் சேர்த்துக்குது." பெண்ணுக்கு மூக்கு ஒழுகியது, கையால் துடைத்துக்கொண்டாள். "பெயிண்ட் அடிச்சா பலகை கனத்துப்போகும். ஆட்டத்தைத் தின்னுடும். ஊமையாயிடும்."

"இதை அன்னைக்குச் சொல்லியிருந்தா, உனக்கு யார் சொல்லித் தந்ததுன்னு அவருக்கே புரிஞ்சிருக்கும். அந்த அறை இன்னைக்கு நம்மகிட்ட இருந்திருக்கும்டி."

கென்ஜே என் கத்தியை வாங்கி, பலகையின் ஓரத்தில் நுழைத்து நெம்பினாள். ஜிபெக்கின் கல்யாண அலமாரிப் பலகை அது. மூவருக்கும் அது தெரியும். கையோடு பெயர்ந்து வந்ததைச் சிறிது நேரம் வைத்துப் பார்த்தாள்.

"அடுப்புல போட்டுடவா?" என்றேன்.

"வேண்டாம் அக்கா. சமைக்கிறதெல்லாம் பெயிண்ட் நாறும்."

அதைச் சுவரோரம் சாய்த்து வைத்தாள். காலியாக வாய் பிளந்திருந்த டப்பாவை அதினாயின் கையில் கொடுத்தாள்.

"நாளைக்கு இங்க வா. வேற பலகை தேடி எடுத்துட்டு வா. உங்க வீட்டுப் பலகை வேண்டாம்."